தீர்ப்புக்கு மறுநாள் பேசப்போவது யார்?

“பேச்சுவார்த்தையில் உடன்பாடு ஏற்பட்டதைத் தொடர்ந்து உறவினர்கள் உடலைப் பெற்றுச் சென்றனர்.”

மாவட்டச் செய்திகளை நாள்தோறும் படிக்கிறவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று எந்த ஊர்ப் பெயரை முன்னால் போட்டாலும் பொருந்தும். டேனரித் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் மேலே வரவில்லை. அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் கூட்டம். சாலை மறியல். தாசில்தார் வருகிறார், டிஎஸ்பி வருகிறார், கம்பெனி தரப்பில் ஒருவர் வருகிறார். ஒரு தொகை பேசப்படுகிறது. பிறகு இந்த வரி. இந்த வரியோடு செய்தியும் முடிந்துவிடுகிறது. எவ்வளவு தொகை, எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் தாளில் கையெழுத்து, அந்தத் தாளில் வேறு என்ன எழுதியிருந்தது என்பது மறுநாள் வருவதில்லை. இந்தப் பதிப்பும் அதற்கு விலக்கல்ல என்பதை இந்தப் பத்தியிலேயே சொல்லிவிடுகிறோம்.

வழக்குப் போடுவது எப்படி, மறியல் செய்வது எப்படி, மனு எழுதுவது எப்படி என்பதையெல்லாம் நம் இயக்கங்கள் அடிபட்டு அடிபட்டுக் கற்றுக்கொண்டுவிட்டன. தீர்ப்போ சமரசமோ வந்த மறுநாள் காலையில் பத்திரிகைக்காரர்கள் வந்து நிற்கும்போது என்ன சொல்வது என்பதை மட்டும் இன்னும் கற்கவில்லை. அன்றைக்கு அச்சாகிற சொல்தான் பின்னால் வரலாறாக நிற்கிறது. எதிர்த்தரப்புக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களுடைய அறிக்கை கையெழுத்துப் போடும் முன்பே தயாராக இருக்கிறது. நம் தரப்பில் இனிப்புப் பெட்டிதான் தயாராக இருக்கிறது.

கொடைக்கானல் கதையைப் பார்ப்போம். பாண்ட்ஸ் நிறுவனம் 1980களில் அங்கே தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவுகள், டன் கணக்கில், மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பது 2001 மார்ச்சில் வெளியே வந்தது. தொழிற்சாலை மூடப்பட்டது. உடல் கெட்டுப்போன தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பத்து ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2015 ஜூலையில் சோபியா அஷ்ரப் என்ற இளம்பெண் பாடிய ராப் பாடல் ஒன்று இணையத்தில் பரவி, உலகப் பத்திரிகைகள் எல்லாம் கொடைக்கானலைத் திரும்பிப் பார்த்தன. அடுத்த மார்ச்சில், அதாவது 2016இல், 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்குமாக நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

தொழிலாளர்களுக்கு அது பெரிய வெற்றி. அதில் சந்தேகமில்லை. ஆனால் மறுநாள் வந்த செய்தியைக் கவனியுங்கள். மனிதாபிமான அடிப்படையில் கருணைத்தொகை வழங்குகிறோம் என்பது நிறுவனத்தின் நிலை. எங்கள் ஆலையால் தொழிலாளர்களுக்குப் பாதிப்பு நேர்ந்ததாக எந்த ஆய்விலும் தெரியவில்லை என்பதையும் அது விட்டுக்கொடுக்கவில்லை. தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. குற்றம் இல்லை, கருணை உண்டு! பதினைந்து ஆண்டுப் போராட்டத்துக்கு ஒரு சொல்லில் பொருள் மாற்றிவிட்டார்கள்.

தமிழ் படித்தவர்கள் என்பதால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் நோண்டிப் பார்க்கத் தோன்றுகிறது. தீபாவளிக்கு முன்பு ‘20 சதவீதம் போனஸ் மற்றும் கருணைத்தொகை’ என்ற செய்தி வருமே, அந்தக் கருணைத்தொகைதான் இது. அதில் 8.33 சதவீதம் போனஸ். அதைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். மிச்சம் 11.67 சதவீதம் கருணைத்தொகை. அது கொடுக்கிறவர் மனசு. இந்த வேறுபாடு போக்குவரத்துக் கழகத் தொழிலாளிக்குத் தெரியும். பிணவறை வாசலில் நிற்கிற குடும்பத்துக்கு யாரும் சொல்வதில்லை. இழப்பீடு என்றால் ஒருவர் இழக்கச் செய்திருக்கிறார், அதை அவரே ஈடுசெய்ய வேண்டும் என்று பொருள். நிவாரணம் என்றால் புயல் வந்தது, வெள்ளம் வந்தது, பாவம் பார்த்துக் கொடுத்தார்கள் என்று பொருள். டேனரித் தொட்டி புயல் அல்ல. ஆனாலும் நம் ஆட்களே மேடையில் ‘நிவாரணம் பெற்றுத் தந்த எங்கள் அமைப்பு’ என்று பேசுகிறார்கள். நிருபர் அதைக் கேட்டு அப்படியே எழுதுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கொடைக்கானல் நண்பர்கள் செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலாளர்களின் கணக்கு முடிந்தது, மண்ணின் கணக்கு முடியவில்லை என்று அவர்கள் பிரித்துப் பேசினார்கள். ஆலை வளாகத்து மண்ணில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்ற அளவுகோலில் சுத்தம் செய்தால் போதாது, அது காட்டுக்கும் ஓடைக்கும் மேலே இருக்கிற இடம் என்று தொடர்ந்து எழுதினார்கள். சமரசம் முடிந்து இரண்டு ஆண்டு கழித்து, 2018இல், டி.எம்.கிருஷ்ணாவையும் சேர்த்துக்கொண்டு இரண்டாவது பாடல் வந்தது. ‘அதுதான் பணம் கொடுத்துவிட்டார்களே’ என்று கேட்கிற வாய்களுக்கு அது பதிலாக இருந்தது.

இப்படிப் பிரித்துப் பேச முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் போபால் இருக்கிறது. 1989 பிப்ரவரி 14 அன்று யூனியன் கார்பைடு நிறுவனமும் இந்திய அரசும் உச்ச நீதிமன்றத்தில் 47 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. பாதிக்கப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. கிரிமினல் வழக்குகளையும் சேர்த்து முடித்துவிட்டார்கள். மக்கள் தெருவுக்கு வந்து போராடியபின் 1991இல் கிரிமினல் வழக்கு மட்டும் மீண்டும் உயிர்பெற்றது. தொகை போதவில்லை என்று ஒன்றிய அரசே பின்னால் கேட்ட மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 34 ஆண்டுகளுக்கு முன் ‘முடிந்தது’ என்று எழுதியதைப் பிறகு யாராலும் முழுதாக அழிக்க முடியவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

பாலாற்றுக் கரையில் தோல் கழிவு பற்றிய வழக்கை வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. சட்டக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இதைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு சொன்னதும், ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாவதும் அந்தத் தீர்ப்பில் இருக்கின்றன. அதன் தொடர்ச்சியாக அமைக்கப்பட்ட சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச்சில் இழப்பீட்டைத் தீர்மானித்தது. 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய்.

இந்த இரண்டு எண்களும் அன்றைக்கு எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. ஒன்றை இன்னொன்றால் வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம் வருகிறது. அதைக்கூட விட்டுவிடலாம். நாம் கேட்க வேண்டியிருந்த கேள்வி வேறு. அந்த 29,193 பேர் யார்? கணக்குப் பெரும்பாலும் நிலத்தை வைத்துப் போடப்பட்டது. எத்தனை ஹெக்டேர் கெட்டது, யார் பெயரில் பட்டா இருக்கிறது என்ற வழியில் பட்டியல் உருவானது. பாழான நிலத்துக்கு உரியவர் பட்டியலில் வந்தார், அது நியாயம். அந்த நிலத்தில் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள்? நிலம் விளையாமல் போனபோது கூலி போனது அவர்களுக்குத்தானே. கிணற்றுத் தண்ணீர் மாறிப்போன காலனிகள்? சுண்ணாம்புக் குழியிலும் குரோம் உருளையிலும் கை வெந்தவர்கள்? சிட்டா அடங்கலில் சேரிக்குப் பத்தி கிடையாது. பட்டா இல்லாதவர்களுக்கு ஏற்பட்ட இழப்பைக் காட்ட ஒரு தாளும் இல்லை. ‘விவசாயிகளுக்கு இழப்பீடு’ என்று தலைப்பு வந்தது. ‘விவசாயி’ என்ற சொல்லுக்குள் விவசாயக் கூலி இல்லை என்பதை அன்றே யாராவது உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னவர்கள் சிலர் இருந்தார்கள், நம் பகுதிச் சங்கக் கூட்டங்களில். அச்சில் ஏறவில்லை.

பிறகு 2025 ஜனவரி 30. அதே தோல் கழிவு விவகாரத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மீண்டும் ஒரு தீர்ப்பு தந்தது. ஏற்கெனவே தீர்மானித்த இழப்பீட்டில் இன்னும் கொடுக்காமல் விட்டதை ஆறு வாரத்துக்குள் மாநில அரசு கொடுக்க வேண்டும், கொடுத்ததை மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும், கெட்டதைச் சீராக்கும்வரை அவர்கள் பொறுப்புத் தீராது என்றது. கண்காணிக்க ஒரு குழுவும் அமைக்கச் சொன்னது. மறுநாள் முதல் பக்கச் செய்தி. தொலைக்காட்சி வண்டிகள் பாலாற்றுக்கு வந்தன. நுரை பொங்குகிற வாய்க்கால் எங்கே என்று கேட்டு எங்களுக்கு எத்தனை போன்கள்!

அந்த வாரத்தில் ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு காலனிக்கு நாங்களும் போயிருந்தோம். கேமராவுக்காக ஒரு பெரியம்மாவைக் கிணற்றில் தண்ணீர் சேந்தச் சொன்னார்கள். அந்தக் கிணற்றில் யாரும் தண்ணீர் எடுத்துப் பல வருடம் ஆகிறது, கயிறே இல்லை. எங்கிருந்தோ ஒரு கயிறு கொண்டுவந்தார்கள். அவரும் சேந்திக் காட்டினார். படம் எடுத்தபின் எங்கள் பக்கம் திரும்பி, “அந்தப் பட்டியல்ல எங்க பேரு கீதாப்பா?” என்று கேட்டார். எங்களில் ஒருவரிடமும் பட்டியல் இல்லை. வழக்கின் பெயர் தெரியும், நீதிபதிகளின் பெயர் தெரியும், 1996 தீர்ப்பின் பத்திகளை மேடையில் ஒப்பிப்போம். அவர் பெயர் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

ஜனவரி 30இலிருந்து ஆறு வாரம் என்றால் மார்ச் 13. அந்தத் தேதியை எத்தனை அமைப்புகள் சுவர்க் காலண்டரில் வட்டமிட்டு வைத்தோம்? பத்திரிகைகளுக்கு நாளுக்கொரு செய்தி இருக்கிறது, அவர்களாக ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கெடு முடிகிற நாளில், ‘இன்றோடு கெடு முடிகிறது, எங்கள் கிராமத்தில் இத்தனை பேருக்கு வந்தது, இத்தனை பேருக்கு வரவில்லை’ என்று ஒரு பக்கம் எழுதி, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருக்கிற நிருபர்கள் கையில் கொடுத்தால் அது செய்தி. கொடுக்கவில்லை என்றால் அன்றைக்கு எதுவுமே நடக்காத நாள்.

நிருபர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் இளைஞர்களுக்கு அவர்கள் மேல் கோபம் அதிகம், அதில் பாதி நியாயம். ஆனால் தாலுகா நிருபர் ஒருவர் ஒரே நாளில் விபத்து, திருவிழா, அமைச்சர் வருகை, ரேஷன் கடை மறியல் எல்லாவற்றையும் எழுதி, மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். 80 பக்கத் தீர்ப்பை அவர் படிக்க மாட்டார். கம்பெனியின் மக்கள் தொடர்பு ஆள் ஒரு பக்கச் சுருக்கத்தைத் தமிழில் தட்டச்சு செய்து, தொலைபேசி எண்ணோடு அனுப்பிவைக்கிறார். நாம் நான்கு தலைவர்கள் நான்கு தனி அறிக்கை விடுகிறோம், ஒவ்வொன்றிலும் பாதி அவரவர் அமைப்பின் பெருமை. எது அச்சில் வரும்? 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழையும், 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கினார்கள். நம்மைப் பற்றி மற்றவர் எழுதுவதற்குக் காத்திருக்கக் கூடாது என்று நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்தவர்கள் அவர்கள். அவர்கள் படத்துக்கு மாலை போடுகிற நம்மால் ஒரு பக்கம் எழுத முடியவில்லை என்றால் எப்படி?

தொகையைச் சொல்லலாமா கூடாதா என்பதில் எங்களுக்குள்ளேயே தகராறு உண்டு. கொடைக்கானல் போல மூடிவைத்தால், அடுத்த ஆலையின் தொழிலாளி பேச உட்காரும்போது முன்மாதிரி இருக்காது. ஆனால் ஒரு குடும்பத்தின் பெயர் போட்டு, படம் போட்டு, இத்தனை லட்சம் என்று எழுதிவிட்டால் மறுநாளே வீட்டுவாசலில் கந்துவட்டிக்காரர் நிற்கிறார். குழுக்கடன்காரர் நிற்கிறார். பத்து வருடமாக வராத பங்காளி வருகிறார். ஊர்த்தெருவில் ‘செத்தும் கொடுத்தான்’ என்று கேலி பேசுகிறார்கள். கணவனை இழந்த பெண்ணிடம் கையெழுத்து வாங்கிப் பணத்தை எடுத்துப்போன உறவினர்களையும் பார்த்திருக்கிறோம். ஆகவே எங்கள் கருத்து இது. மொத்தத் தொகையையும், எந்தச் சட்டப்படி வந்தது என்பதையும் ஊரறியச் சொல்ல வேண்டும். எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு என்பதைச் சொல்லக் கூடாது, நிருபர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும். காசோலை வாங்குகிற படத்துக்கு அந்தப் பெண்ணை நிறுத்தக் கூடாது. அந்தப் படத்தில் நிற்க ஆசைப்படுகிற நம் தலைவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். பாலியல் வன்முறை சம்பந்தப்பட்டதென்றால் பெயர் மட்டுமல்ல, அடையாளம் தெரிகிற எந்தத் தகவலை வெளியிட்டாலும் சட்டப்படி குற்றம். போனில் வீடியோ எடுத்துப் போடுகிற தம்பிகளுக்கும் அது பொருந்தும்.

மீண்டும் பிணவறை வாசலுக்குப் போவோம். அதுவும் ஒரு சமரசம்தான். உச்ச நீதிமன்றத்துச் சமரசத்தைவிட அடிக்கடி நடப்பது. வேலையில் இறந்த தொழிலாளிக்கான இழப்பீட்டை முதலாளி நேரடியாகக் குடும்பத்தின் கையில் கொடுத்தால் அது இழப்பீடாகவே கணக்கில் வராது, தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய தாள் செல்லாது என்றும் அதே சட்டம் சொன்னது. வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தப் பிணவறை வாசல் பேரத்தைத் தெரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறார்கள். இஎஸ்ஐ பிடித்தம் செய்யப்பட்டவர் என்றால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை வர வேண்டும். கழிவுநீர்க் குழியில் இறங்கி இறப்பவர்களின் குடும்பத்துக்கு 2014இல் 10 லட்சம் என்று நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20 அன்று அதை 30 லட்சமாக உயர்த்தியது. ‘கம்பெனி இரக்கப்பட்டுக் கொடுத்த’ தொகையை இவற்றின் பக்கத்தில் வைத்து மறுநாள் செய்தியில் போட்டால், அந்த இரக்கத்தின் அளவு படிக்கிறவர்களுக்கே தெரியும். போலீஸ் வழக்கு என்ன பிரிவில் பதிவானது, யார் மேல் பதிவானது, தொட்டியில் இறங்கச் சொன்ன மேஸ்திரி மேல் மட்டுமா, உரிமையாளர் மேலுமா என்பதும் அதே செய்தியில் வர வேண்டும். பணம் கொடுத்ததால் வழக்கு முடிந்துவிடவில்லை என்ற ஒரு வரி போதும். அந்த வரி எழுதப்படாத ஊர்களில்தான் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராக மாறிப்போகிறார்கள்.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்காக வாசலில் நிற்க இங்கே பங்காளி இல்லை, மறியல் செய்யத் தெரு இல்லை. உடல்கள் ஊருக்குப் போயின. இன்றைக்கு நம் டேனரிகளில் நம் பிள்ளைகள் விட்டுப்போன கடினமான வேலைகளில் வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடக்கிற சமரசத்தில் உடன் நிற்கிற கடமை யாருக்கு என்று நம் அமைப்புகள் இன்னும் பேசவே தொடங்கவில்லை.

கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகளிடம் ஒரு வேலை கேட்கிறோம். 2001 பட்டியல் கிராமவாரியாக நமக்கு வேண்டும். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. வழக்கின் பெயரிலும் செய்திகளிலும் ‘வேலூர்’ என்றே வருவதால் எல்லோரும் வேலூர் கலெக்டர் அலுவலகத்துக்கே எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், வாலாஜா, ஆற்காடு பகுதியினர் ராணிப்பேட்டைக்கும், பேரணாம்பட்டு, குடியாத்தம் பகுதியினர் வேலூருக்குமாக எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். உங்கள் வருவாய்க் கிராமத்தில் இழப்பீட்டுப் பட்டியலில் உள்ளவர்கள் எத்தனை பேர், கொடுக்கப்பட்டது எவ்வளவு, எந்தத் தேதியில், நிலுவை எவ்வளவு, நிலமில்லாதவர் யாராவது அதில் உண்டா என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததை முதலில் காலனியில் வாசித்துக் காட்டுங்கள், பிறகு நிருபரிடம் கொடுங்கள். அந்தப் பெரியம்மாவின் கிராமத்துக்கான மனுவை நாங்கள் எழுதிவிட்டோம்.